மிதி, புடி, விடு

பிரேக்கை வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும், ஏட்டையா. செருப்பு போட்டு மிதித்தால் அடியில் என்ன நடக்கிறது என்று காலுக்குத் தெரியாது. குமுளியில் முக்கால்வாசி டிரைவர்களுக்கு இது தெரியாது. கல்யாணமான புதிதில் எனக்கும் தெரியாது.

அவர் பெயரைச் சொல்லச் சொல்கிறீர்கள். புருஷன் பெயரை நான் சொல்வதில்லை. வெளியே போர்டில் 'சின்னமுத்து ஒர்க்ஷாப்' என்று இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் முத்துப்பேச்சி. போன மாதம் மலைப்பாதையில் நடந்ததில் என் பங்கு என்னவோ அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊர் மழைக்கும் பனிக்கும் பிரேக் ஆயில் தண்ணீரைக் குடித்துக் கெட்டுப்போகும். பழையதை எடுத்துப் புதியதை ஊற்றும்போது குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும். காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சக்கரத்துக்கு அடியில் படுத்து, குழாய் முனையில் இருக்கிற நிப்பிள் திருகைத் திறந்து மூட வேண்டும், இன்னொருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். எங்கள் ஒர்க்ஷாப்பில் அவர் கீழே, நான் மேலே.

என் வீட்டுக்காரர் பேசுகிற ஆள் இல்லை. குழம்பில் உப்பு கூடவா குறைவா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் கதையே வேறு.

"மிதி பேச்சி."

"மிதிச்சிட்டேன்."

"புடிச்சுக்க. விட்ராத."

"புடிச்சிருக்கேன்."

"ம். விடு."

இடுக்கி அணை வேலைக்குப் போகிற லாரிகளும் வரத் தொடங்கிய பிறகு நாள் முழுக்க இதே பேச்சுதான். என் பதில் வராமல் அவர் ஸ்பேனரைத் திருப்ப முடியாது. சந்தைக்குப் போகிற பெண்கள் நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். நானும் அவர்கள் பார்க்கும்படிதான் உட்காருவேன். வீட்டில் சண்டை என்றால், அவர் நிப்பிளை மூடுவதற்குள் காலைக் கொஞ்சம் தூக்கிவிடுவேன். காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவருக்கும் அது தெரியும். கீழிருந்து ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவுதான். நல்ல குடும்பம், ஏட்டையா.

கொச்சிக்கு ஏலக்காய் லாரி ஓட்டுகிற சுவக்கீன்தான் அதைக் கெடுத்தார். அங்கே ஏதோ ஒரு ஒர்க்ஷாப்பில் ஒரு கருவியைப் பார்த்தாராம், அதே மாதிரி ஒன்று செய்து கொண்டுவந்தார். சைக்கிள் பம்புக்குள் தோல் வாஷரைத் திருப்பிப் போட்டிருந்தார். அது காற்றை அடிப்பதற்குப் பதிலாக இழுத்தது. நடுவில் ஒரு கண்ணாடி பாட்டில், அதிலிருந்து ரப்பர் குழாய். குழாயை நிப்பிளில் மாட்டிப் பம்பை இழுத்தால் பழைய ஆயிலும் காற்றும் தானாகவே பாட்டிலுக்குள் வந்தன. பெடல் பக்கம் யாரும் போக வேண்டாம்.

"இனி மதினிக்குச் செரமம் இல்லண்ணே. ஒத்த ஆளு போதும்" என்றார் சுவக்கீன்.

என் வீட்டுக்காரர் பாட்டிலில் வந்த குமிழிகளைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு, "நீ உள்ள போ பேச்சி, அடுப்பப் பாரு" என்றார்.

அடுப்பைப் பார்த்தேன். வெளியே அவர் பாட்டிலோடு பேசிக்கொண்டிருந்தார். "வா, வா, இன்னுங் கொஞ்சம் வா" என்று கொஞ்சல் வேறு. எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கருவியை உடைத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அடுத்தவர் உழைத்துச் செய்த பொருளை உடைப்பது பாவம். அதனால், அவர் வேலையை முடித்துவிட்டு டீக்கடைக்குப் போனதும் ஒரு சக்கரத்தின் நிப்பிளைத் திறந்துவைப்பேன். மேலே ஏறி ஒரு மிதி மிதித்துக் காலை எடுப்பேன், இறங்கி வந்து மூடிவிடுவேன். கொஞ்சம்தான் காற்று. வண்டிகள் முதல் வளைவைத் தாண்டாமல் திரும்பி வந்தன. "என்ன மேஸ்திரி, பெடலு பஞ்சால்ல அமுங்குது?" என்று கேட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அளவு எனக்குத் தெரியும்.

அவருக்கு அந்தக் கருவி மேல் சந்தேகமே வரவில்லை. பம்பைக் கழற்றி, வாஷருக்கு விளக்கெண்ணெய் தடவி, சுத்தமான துணியில் சுற்றிப் படுக்கவைத்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு போர்வைகூட எடுத்துப் போடாத மனிதர்.

எனவே ஏலக்காய் வியாபாரி ரத்தினசாமியின் ஜீப்பில் எல்லாச் சக்கரத்தின் பிரேக் குழாயிலும் காற்று விட்டேன். அதை ஓட்டிப் போகிறது யார் என்று எனக்குத் தெரியாது என்று முதல் தடவை நீங்கள் விசாரித்தபோது சொன்னேன். தெரியும். காலையில் இட்லி சாப்பிடும்போது, "வண்டிய நானே கம்பத்துல கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்" என்று அவரே சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு இட்லி வைத்தேன். பிறகு அவர் டீ குடிக்கப் போனார், நான் ஸ்பேனரை எடுத்தேன்.

கொண்டை ஊசி வளைவில் பெடல் தரையோடு போய்விட்டது. எதிரே வைக்கோல் லாரி ஏறி வந்தது. லாரிக்காரர் பயந்து ஒடித்ததில் வைக்கோல் சரிந்து ரோட்டில் விழுந்தது, ஜீப் அதற்குள் போய் நின்றது. ஜீப்பில் ஒரு கீறல் இல்லை, என் வீட்டுக்காரர் மேலும் இல்லை. பிழைத்தோம் என்று குதித்து இறங்கியவர் ரோட்டோரத்து ஓடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். காலை முறித்தது ஓடை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது கட்டிலில் இருக்கிறார். "பேச்சி, தலகாணியத் தூக்கு. பேச்சி, முதுகு அரிக்கி" என்று வாய் மூடுவதில்லை. நேற்று "ரசம் நல்லாருக்கு" என்றார். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டேன். ஒர்க்ஷாப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கருவி நல்ல கருவி, அதன் மேல் பழி போட நினைத்தது தப்பு.

நீங்கள் தங்கமான மனிதர். கட்டுப் பிரிக்கக் கம்பத்து வைத்தியரிடம் ஸ்டேஷன் ஜீப்பிலேயே நாளைக்கு அவரைக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள், அதற்காகப் பிரேக் ஆயில் மாற்ற நேற்றே வண்டியை என்னிடம் விட்டீர்கள். கட்டைப் பிரித்துவிட்டால் கொஞ்ச நாளில் நடந்துவிடுவாராம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு ஒரே குஷி. "இனிமே ஒனக்குச் செரமம் இல்ல பேச்சி, நீ பாட்டுக்கு உள்ள இரு" என்றார்.

ஜீப் தயாராக வாசலில் நிற்கிறது. ஆயில் புதுசு. அவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள், காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். டிரைவரும் அவரும் கிளம்பட்டும். நீங்கள் மட்டும் பஸ்ஸில் போய்விடுங்கள், ஏட்டையா.