மாப்பிள்ளைப் படத்தில் விழுந்த நிழல்

ஒலுவிலிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் கெம்பஸில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். சன்னலோரத்தில் இருந்தவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"ராத்தாக்குப் பேசி வந்த மாப்பிள்ளைட போட்டோவ, ஆரெண்டு சொல்லாம, இண்டைக்குப் படம் ஆராயிற வகுப்பில போட்டுக் காட்டிட்டன்."

"அல்லாஹ்வே! என்ன சொன்னாங்க?"

"சேட்டுல கடையில மடிச்ச மடிப்பு அப்படியே இருக்காம். பக்கத்தில இருக்கிற காரில கை படாம நிக்கிறதால அது வேற ஆருடயோவாம். எடுத்த ஆளுக்குக் கமரா பிடிக்கவே தெரியாதாம், நிழலும் படத்தில விழுந்திருக்காம்."

"படிப்பிக்கிற சேர் என்ன சொன்னார்?"

"அந்த நிழல் தன்டயாம். மாப்பிள்ளை தன்ட தம்பியாம்."

மற்றவள் சால் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காத. நாங்க அனுப்பின ராத்தாட போட்டோவ வாற கிழமை அவர் வகுப்புக்குக் கொண்டு வாறாராம்."

"அத ஆரு எடுத்த?"

"நான்தான். ராத்தா உடுத்திருக்கிறது உன்னட்ட இரவல் வாங்கின அபாயா."