பழைய பெட்டிக்குக் கிடையாது

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் மின்விசிறி நின்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்காவின் கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நீ குடுத்த பெட்டி ஊமையாயிடுச்சுப்பா. வெறும் இரைச்சல்தான் வருது."

பெட்டி என்று அவர் சொன்னது ரேடியோ ஸ்கேனரை. தீயணைப்பு வண்டிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அதில் கேட்கலாம். நான் வேலை பார்க்கும் கம்பெனி செய்தது. அவர்கள் வீடு காட்டை ஒட்டியது. கோடை முழுக்க அது சாப்பாட்டு மேசையில் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். தீ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அக்கா அதை வைத்தே சொல்லிவிடுவாள்.

அந்த வருடம் தீயணைப்புத் துறை புது முறை ஒலிபரப்புக்கு மாறியிருந்தது. பழைய பெட்டியிலும் அதைக் கேட்கலாம். உள்ளே ஓடும் மென்பொருளை மாற்றினால் போதும். மாற்றி எழுதியவன் நானே. என் மேசையில் கிடந்த பழைய பெட்டியில் ஏற்றிப் பார்த்தேன், கணீரென்று பேசியது. விற்பனை மேலாளர் கேட்டுவிட்டுத் தோளைத் தட்டினார்.

"அருமையா இருக்கு. வெளியில விட்டுடாதீங்க. பழசே பேசுனா புதுசை எவன் வாங்குவான்?"

அவர் சொன்னதில் குற்றம் காண முடியாது. அவருக்கு மேலே ஆட்கள் இருந்தார்கள். எனக்கு மேலே அவர் இருந்தார்.

ஆகவே அத்தானிடம், "பழைய பெட்டியில முடியாது அத்தான், புதுசு வாங்கிடுங்க" என்றேன்.

"இது நல்லாத்தானே இருக்கு? நீ ஏதாவது பண்ண மாட்டியா?"

"என் கையில இருந்தா செய்ய மாட்டேனா?"

என் கையில்தான் இருந்தது. அந்த மென்பொருளை ஏற்றிய நகக்கண் அளவு மெமரி கார்டு. அவருக்கு மட்டும் கொடுத்திருக்கலாம். ஆனால் அத்தான் வெள்ளை மனசுக்காரர். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருப்பார்.

காட்டுத்தீ வந்த மத்தியானம், பாலத்துச் சாலையைத் தீ தாண்டிவிட்டது, அந்தப் பக்கம் யாரையும் விடாதே என்று வண்டிக்காரர்கள் ரேடியோவில் கத்திக்கொண்டே இருந்தார்களாம். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா பக்கத்து வீட்டுக்காரம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்துச் சாலையில்தான் போனாள்.

அடக்கம் முடிந்ததும் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னப்பவே புதுசு வாங்கியிருக்கணும் மாப்பிள்ளை. கஞ்சத்தனம் பண்ணி அவளை நானே கொன்னுட்டேன்."

நான் மறுக்கவில்லை. "மனசைத் தளரவிடாதீங்க அத்தான்" என்றேன். ஒரு மனிதர் உடைந்து கிடக்கும்போது தொழில்நுட்பமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டு பேர் செத்ததை விசாரிக்க வந்திருக்கிறீர்கள், மறைப்பதற்கில்லை. அந்தப் பெட்டியைப் பேசவைக்க என்னால் முடியும். முடியாது என்று சொன்னேன். அவர்கள் செத்தது அதனால்தான். ஆனால் அத்தானைக் கைவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. புது மாடல் ஒன்றை நானே கொண்டுபோய் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ரொம்பத் தெளிவாகக் கேட்கிறதாம்.