சுவருக்கு உரியவர்கள்

பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்களின் செருப்புகளை வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பது என் வழக்கம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. வயதானவர்கள் தடுமாறாமல் மாட்டிக்கொண்டு போவார்கள். ஒரு ஜோடி கோணலாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு அன்று முழுவதும் இருப்புக் கொள்ளாது.

ஜெயபாலன் அண்ணே, நீங்கள் சங்கத்துச் செயலாளர். மருதமுத்து அண்ணனைக் காட்டிக் கொடுத்தது யார் என்று காஜா பேராங் வட்டாரம் முழுக்கக் கேட்டுவிட்டுக் கடைசியாக என் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். முதலிலேயே வந்திருக்கலாம். நான் எதையும் மறைக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஒரு வெள்ளைக்கார விரிவுரையாளர் இருந்தார். ஊர் திரும்பும்போது சாவி முறுக்கி ஓட்டும் சினிமாக் கேமரா ஒன்றை வகுப்புக்கு விட்டுப் போனார். மாணவர்கள் ஆளுக்கொரு சிறு படம் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றவர்கள் மீன் பாசாரையும் மாட்டு வண்டிகளையும் எடுத்தார்கள். நான் சுவரில் எழுதுகிறவர்களை எடுக்க நினைத்தேன். சுதந்திரக் கொடி ஏறிய புதிது. மலாக்காவில் காலியாக ஒரு சுவர் இல்லை. ‘பிறந்த மண்ணைக் கேட்காதே, உழைத்த மண்ணைக் கேள்’ என்ற வாசகம் உங்கள் சங்கம் தந்தது. ஆனால் நின்று பார்த்தவர்கள் மருதமுத்து அண்ணனின் எழுத்துக்காகத்தான் நின்றார்கள். பகலில் லோரிகளுக்குப் பெயர் எழுதுகிற கை அது. தார் தொட்டு எழுதினாலும் ஒரு சொட்டு வழியாது.

சுவரில் எழுதுகிறவர்கள் விடிவதற்கு முன் எழுதி முடித்துவிடுவார்கள். என் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். ஞாயிறு சாயங்காலம் ஊரே பண்டார் ஹிலிர் திடலில் பந்து பார்க்கப் போய்விடும், அப்போது எழுதலாமே என்று நான்தான் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொண்டார்.

“ஆனா மொகம் வேணாம் தம்பி. கைய மட்டும் எடு. இந்த மொகத்தக் காசு குடுத்து எவன் பாப்பான்?”

அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா கீரைக் கூடைக்குள் தார் டின்னை மறைத்துத் தூக்கி வந்திருந்தார். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. “காசில்லாம பாக்க நான் ஒருத்தி மாட்டுனேன்ல, அது போதும்” என்றார். கையை மட்டும் எடுப்பதாக இருவருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

முகம் ஏன் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். தாயின் இடுப்பில் உட்கார்ந்து கப்பல் ஏறி வந்தவர். அந்தத் தாயும் இங்கேயே புக்கிட் காதிலில் அடங்கிவிட்டார். தஞ்சாவூரில் அவருக்கு ஒரு வாசல்கூடக் கிடையாது. குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டிய மலாய் வாக்கியங்களை லோரிப் பலகையில் எழுதி எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கடையில் வைத்து நீங்கள் அவரிடம் சொன்னீர்கள்: “பேரு மட்டும் போலீசுக்குப் போயிடக் கூடாது மருது. போச்சுன்னா கப்பல்தான்.” பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது நான். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் பிறகு பெருந்தன்மையாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பூங்காவனம் அக்காவின் மாட்டுக் கொட்டகைச் சுவரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மகள் கல்யாணத்துக்காக அந்த அம்மாள் புதிதாக வெள்ளையடித்திருந்தார். எங்களுக்கு அது தெரியாது. மறுநாள் அவ்வழியே போனேன். தேங்காய் மட்டையால் எழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தார் போகவில்லை, சுண்ணாம்புதான் உதிர்ந்தது. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. தனக்கு எதிராகச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். ஒரு மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன் மன்னித்தால்தான் மன்னிப்பான். எனக்குச் சிறு வயதிலிருந்து சொல்லித் தந்தது இது. பூங்காவனம் அக்கா மன்னிக்காமல் கண்ணை மூடிவிட்டால் மருதமுத்து அண்ணன் நாளை எங்கே போய் நிற்பார்? அவர் வேறு மார்க்கம் என்பீர்கள். சுவருக்கு மார்க்கம் உண்டா?

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். செய்தவன்தான் போய்க் கேட்க வேண்டும் என்றார். செய்தவனுக்கு அந்த எண்ணமே இல்லாவிட்டால் என்று கேட்டேன். அவர் தொழுகைக்கு ஒளு எடுக்க எழுந்துவிட்டார்.

நானே போனேன். வாளியில் தண்ணீர் சேந்தி, கூடச் சேர்ந்து தேய்த்தேன். பிறகு, எழுதினவரை மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். யார் அது என்றார். பெயரில்லாத ஆளை எப்படி மன்னிப்பது? அது நியாயமான கேள்வி. சொன்னேன்.

“அந்த லோரிக்காரனா? கட்டையில போறவன். வந்து ரெண்டு பக்கமும் வெள்ளையடிச்சுக் குடுக்கச் சொல்லு, ஜெய்னு. மன்னிச்சேன், போ.”

அன்றைக்கு எனக்கு வந்தது போன்ற தூக்கம் அதற்கு முன் வந்ததில்லை.

பிறகு காப்பிக்கடை நடத்தும் சீனத் தவுக்கேயிடம் போனேன். அப்துல் காக்காவின் துணிக்கடைக்குப் போனேன். எங்கெல்லாம் எழுதினோமோ அங்கெல்லாம் போனேன். கையில் ஏதாவது கொண்டுபோவேன், கொஞ்சம் பேரீச்சம்பழம், இல்லாவிட்டால் வாழைப்பழம். எல்லோரும் நல்லவர்கள். பெயரைக் கேட்டார்கள், மன்னித்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் நிம்மதி சீக்கிரம் தீர்ந்து போயிற்று. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த சுவர் கண்ணுக்குள் வந்து நிற்கும். கால் தானாக ஆடும்.

விஷயம் அண்ணன் காதுக்குப் போயிற்று. அவர் கோபப்படவில்லை. அஞ்சலை அக்காவையும் மூத்த பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கேதான் வந்தார். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

“எம்பேர எதுக்குத் தம்பி கூடையில வச்சு விக்கிற மாதிரி தூக்கிட்டுத் திரியிற?” என்றார் அண்ணன்.

அக்கா, “மனு முடியிற வரைக்கும் சும்மா இரு தம்பி. உன்னக் கும்பிட்டுக் கேக்குறேன்” என்றார். குழந்தைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தேன். சும்மா இருக்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

ஆனால் ஒரு சுவர் மீதி இருந்தது. போலீஸ் குடியிருப்பின் பக்கச் சுவர். ‘அடைத்து வைத்தவர்களை விடு’ என்று அதில் எழுதியது அண்ணனின் மிகச் சிறந்த வேலை. அந்தச் சுவருக்கு உரியவர் யார்? அரசாங்கம் என்றால் அரசாங்கத்திடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? அந்தச் சடக்கு வழியே போகவும் முடியவில்லை, போகாமலும் இருக்க முடியவில்லை. தொழுகையில் நிற்கும்போது ஓதியதே மறந்து போயிற்று. ஒரு மனிதனை நரக நெருப்பின் ஓரத்தில் நிறுத்திவிட்டு நான் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அப்போதுதான் சிங்கப்பூரில் கழுவக் கொடுத்த படச்சுருள் திரும்பி வந்தது. வகுப்பறையில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கைகள் அவ்வளவு அழகாக விழுந்திருந்தன. ஓர் இடத்தில் மட்டும் அக்கா ஏதோ சொல்ல, அண்ணன் திரும்பிச் சிரிக்கிறார். முகம் முழுதாகத் தெரிகிறது. பின்னால் பாதி எழுத்து. கத்தரிக்கோல் மேசை மேல்தான் இருந்தது. வெட்டி ஒட்டுவது எனக்குக் கைவந்த வேலை. நான் வெட்டவில்லை. மன்னிக்கிறவர் யாரை மன்னிக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? அந்தச் சிரிப்பைப் பார்த்த எவரும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டார்.

அசர் தொழுதுவிட்டு, படம் காட்டும் இயந்திரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு பெரிய போலீஸ் அதிகாரியிடம் போனேன். மரியாதையான மனிதர். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சுவரிலேயே படத்தைப் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். எனக்குத் தேநீர் வந்தது. அண்ணனின் பெயரையும் வீட்டையும் சொல்லி, இந்தச் சுவருக்காக அவரை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் இரண்டையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு, “மன்னித்தேன்” என்றார். தாராளமாகவே சொன்னார். பிறகு, எல்லாச் சுவரையும் விட்டு இந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டார்.

அதைத் தேர்ந்தெடுத்தது நான். செங்கல் சுவரில் எழுத்துக் கேமராக் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரியவில்லை. அந்தச் சுவர் வெள்ளையாக, மேற்கு வெயிலுக்கு நேராக இருந்தது. அண்ணன் வேண்டாம் என்றார். அது சிறைச்சாலை வாசலில் கோலம் போடுகிற மாதிரி என்று சிரித்தார். என் படத்துக்காக ஒரே ஒரு தடவை என்று நான்தான் கெஞ்சினேன்.

ஆனால் அதிகாரியிடம், மருதமுத்து அண்ணன் என்றே சொன்னேன். அவர் ஏற்கெனவே மன்னிக்கப்பட்டுவிட்டார். மன்னிக்கப்பட்ட ஒருவர் மேல் இன்னும் ஒன்று சேர்வதால் பாரம் கூடாது. என்னை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை அல்லவா.

அன்று சாயங்காலமே அவரைக் கொண்டுபோனார்கள். முகாமில் வைத்திருந்தார்கள். மனு நின்று போயிற்று. பிறகு போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் ஏற்றிவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கி அவர் எந்தப் பக்கம் நடந்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கப்பல் போன அதே வாரம் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை. தினமும் பூங்காவனம் அக்காவிடம் சொல்லி அஞ்சலை அக்கா வீட்டுக்குப் பால் அனுப்புகிறேன். யார் அனுப்புகிறார்கள் என்று சொல்ல வேண்டாம் என்றிருக்கிறேன். தர்மம் வெளியே தெரியக் கூடாது.

அதிகாரியைப் பார்த்து வந்த அன்று நன்றாகத் தூங்கினேன். இப்போது மறுபடியும் தூக்கம் இல்லை. ஏதோ ஒரு சுவர் விட்டுப் போயிருக்கிறது என்று மனசு சொல்கிறது. செமாபோக் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டேன். குருபோங் பக்கமும் போனேன். எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. எழுதினதில் பாதி மழையில் சுண்ணாம்போடு உதிர்ந்தும்விட்டது. ஆனாலும் உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்டாயா என்கிறீர்கள். அதையும் யோசித்தேன் அண்ணே, பல நாள் யோசித்தேன். அவர் இருப்பது வாடகைப் பலகை வீடு. அதில் நாங்கள் ஒரு கோடுகூடக் கிழித்ததில்லையே.