லோரி அப்பா

— மாமியாரப் பத்தியா சார்?

— ஆமா திருச்செல்வம். மாமியாரப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசணும், ஆனா திட்டக் கூடாது. அதான் ஹோம்வொர்க்.

— திட்டாம என்ன சார் காமெடி?

— அதத்தான் அடுத்த வாரம் கண்டுபிடிக்கப் போறோம். மழை வலுக்குது, ஸ்டேஷனுக்கு ஓடுங்க. வாசல்ல யாரு, புதுசா சேர வந்தவங்களா? உள்ள வாங்க. இன்னிக்கு காமெடி கிளாஸ் முடிஞ்சிருச்சு.

— சேர வரல சார். எனக்கு எங்க காமெடி வரும். நான் தனலெட்சுமி. கிள்ளான் ஸ்கூல்ல, உங்க மூணாம் ஆண்டு வகுப்புல லோஷினி இருக்கால்ல, அவ அம்மா.

— அட, ரிப்போர்ட் கார்டு எடுக்க வந்தீங்களே. உக்காருங்கம்மா. இதுக்காக பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்தீங்களா? ஸ்கூல்லயே புடிச்சிருக்கலாமே.

— அங்க வந்தா லோஷினி பாத்துருவா. ஹெட்மாஸ்டரும் என்ன ஏதுன்னு கேப்பாரு. என்னமோ, ரயில் ஏறிட்டேன். இந்த ஜன்னல்லேருந்து பாத்தா ரயிலு மழையில நீந்திப் போற மாதிரி இருக்கு சார்.

— உங்க வீட்டுல எல்லாருக்குமே இந்த வியாதி உண்டா? சரி, எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். திட்டிருங்க. கல்யாண டின்னர்ல கோழி வர லேட்டானா மைக் புடிச்சவனத்தான் திட்டுவாங்க. பழகிருச்சு.

— நான் ஏன் சார் திட்டப் போறேன்? ரெண்டு சனிக்கிழமையா ரேடியோவுல லோரி அப்பா வரல. ஏன்னு கேக்கத்தான் வந்தேன்.

— இதுக்காகவா இவ்ளோ தூரம்?

— பின்ன எதுக்கு? சனிக்கிழமை நான் பத்து மணிக்குத்தான் லாண்ட்ரிக்குப் போவேன். அது வரைக்கும் நானும் அவளும் உங்க நிகழ்ச்சிதான். எங்க முகுந்தன் சார் அப்பாவ எப்ப கூப்பிடுவாருன்னு அவ உக்காந்திருப்பா. இப்ப நீங்க பாட்டுக்குப் பாட்டு போடுறீங்க.

— பாருங்க, அவ வகுப்புல சொன்ன கதைய ரேடியோவுல பேர மாத்தித்தான் சொன்னேன். அது லோஷினின்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

— பனிக் கதையில. கேமரன் மலையில முட்டைக்கோஸ் ஏத்திட்டு எறங்கி வரும்போது, அப்பா பனியப் புடிச்சு, தேத்தண்ணி கட்டுற பிளாஸ்டிக் பையில போட்டு, கயிறு கட்டி மவளுக்குக் கொண்டாந்தாருன்னு சொன்னீங்க. மவ ஃபிரிட்ஜுல வச்சான்னு சொன்னீங்க. எழுந்து போய் எங்க ஃபிரிட்ஜத் தொறந்தேன். பால் டின் பக்கத்துல ஒரு பை. உள்ள வெறுங்காத்து. ஸ்ட்ரா வேற சொருகியிருந்துச்சு.

— நெசமாவே பையா? நான் வாயால அளந்துவிடுறாருன்னுல நெனச்சேன். கட்டிக் கையிலயே குடுத்திருக்காரா மனுஷன்?

— அந்தப் பைய நான் தூக்கிப் போடல சார். இன்னும் இருக்கு.

— உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பதினாலு வருஷமா மேடை ஏறுறேன். சிரிச்சாங்க, சாப்பிட்டாங்க, காரெடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு திங்கக்கிழமை வாய்மொழிப் பாடத்துல உங்க பொண்ணு எழுந்து நின்னா. எங்கப்பா நிலாவுக்கு ஹார்ன் அடிச்சாரு சார், அது ஓரமா ஒதுங்கி வழி விட்டுச்சுன்னா. முப்பது புள்ளைங்களும் சிரிக்கல. வாயத் தொறந்தபடி மேல பாத்துச்சுங்க. எனக்கு அப்படி ஒரு கூட்டம் அமைஞ்சதே இல்லம்மா. உங்க வீட்டுக்காரர்தான் கலைஞன். நான் வெறும் ஸ்பீக்கர்.

— அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?

— ஹெட்மாஸ்டர் கூப்பிட்டாரு. புள்ளையோட அப்பாவ ரேடியோவுல வச்சு ஊர சிரிக்க வைக்கிறீங்களே, அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களான்னாரு. கேக்கலயே. அவரு சரின்னா பேசுங்க, இல்லாட்டி ஸ்கூலா ரேடியோவா ஒண்ண விட்டுருங்கன்னுட்டாரு. எனக்கு ரெண்டும் வேணும்மா. வகுப்பு இல்லன்னா ரேடியோவுல பேச என்கிட்ட ஒண்ணும் இல்ல.

— நான் சரின்னு சொல்றேன். பத்தாதா?

— பத்தாதும்மா. கதை அவரோடது. அவரு வாயால வரணும். ரிப்போர்ட் கார்டு நாளைக்காவது புடிக்கலாம்னு பாத்தேன், ஒரு தடவையும் வரல. லோரிக்காரருக்கு ஏது நேரம்னு விட்டுட்டேன். நிகழ்ச்சியக் கேட்டிருக்காரா அவரு?

— நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் எங்ககூடத்தான் சார் இருப்பாரு. லோஷினி மூணு கப்பு மைலோ கலக்குவா. ரெண்டு வாரமா ரெண்டு கப்புதான்.

— ரெண்டு கப்புன்னா? வீட்டுக்கே வரலையா?

— வரல.

— என்னாலயா?

— உங்களாலதான் சார். வேற யாரால?

— ஐயோ. அப்ப ஹெட்மாஸ்டர் சொன்னதுதான் சரி. ஊர் சிரிச்சது அவருக்கு வலிச்சிருக்கு. நம்பர் குடுங்கம்மா, இப்பவே பேசுறேன்.

— நம்பர் இல்ல சார்.

— அதையும் மாத்திட்டாரா? சரி, செலாயாங் பாசார்லதான காய்கறி எறக்குவாரு? நாளைக்கு விடியக்காலையில போய் நிக்கிறேன். லோரி என்ன கலரு?

— லோஷினியத்தான் கேக்கணும். மொதல்ல பச்சை. ஆத்து மேல ஓட்டினதுக்கப்புறம் ஊதா ஆயிருச்சு.

— நான் வெளையாட்டா கேக்கலம்மா.

— நானும் வெளையாடல. நீங்க ரேடியோவுல சொன்னதுதான் எனக்குத் தெரியும். பாலத்துல ஜாம்னு ஆத்து மேலயே ஓட்டிட்டு வந்தாருன்னீங்க. அன்னிக்கு நான் துணி மடிக்கிறப்போ எல்லாம் தண்ணி மாதிரியே இருந்துச்சு. சூப்பர்வைசர் கேட்டாரு, ஏன்க்கா தனியா சிரிக்கிறீங்கன்னு. எங்க வீட்டுல ஒருத்தர் லோரிய நனையாம கொண்டாந்தாருன்னு சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு ஆசையா இருந்துச்சு சார்.

— இவ்ளோ ஆசை வச்சிருக்கீங்க. கூட்டிட்டு வந்துர்றேன்மா. கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன். ஆனா அங்க நூறு லோரி நிக்குமே. ஆளு பாக்க எப்படி இருப்பாரு, அத மட்டும் சொல்லுங்க.

— அதத் தெரிஞ்சுக்கத்தான் சார் நானும் சனிக்கிழமையில ரேடியோவுக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். லோஷினி வயித்துல இருக்கும்போதே எங்கள விட்டுட்டுப் போன அந்த ஆளுக்கு லோரியே ஓட்டத் தெரியாது.