தொட்டுவிட்டதாக எழுதிய பதாகை

அவைக்குத் தலைமை தாங்கும் அருமைராசா அண்ணை அவர்களே, ஆசி வழங்கி அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, அடுப்படியில் றோல்ஸ் பொரித்துக் களைத்த அன்னையரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பிள்ளை உறங்கிய பிறகு, நடுச்சாமம் தாண்டி எழுதிய உரை இது. அந்த நேரத்தில் எழுதியதற்குப் பொறுத்தருளுங்கள்.

என் கணவர் றெக்ஸ் வெள்ளிக்கிழமை யப்பானுக்குப் பறக்கிறார், சுருகி மலையில் ஏற. சுருகி என்றால் அவர்கள் மொழியில் வாள். ஒரு வாளா அது? வாள்களின் வரிசை! கூர்கூராய்க் கிழிந்த பாறை. கோடையிலும் கரையாத பனி. இரும்புச் சங்கிலியில் தொங்கி ஏறும் செங்குத்து. நரகத்து ஊசிமலை என்று அஞ்சி, பழைய சனங்கள் அதில் ஏறுவதையே விலக்கிவைத்தார்கள்.

"பிள்ளை, நல்ல நாளில நரகத்தை ஏன் இழுக்கிறாய்?" என்கிறார் தலைவர். கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, உங்களிட்டயும் வாறன்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு நில அளவையாளர்கள் அதன் உச்சிக்குப் போனார்கள். மனிதக் கால் படாத இடம் என்று நம்பிப் போனவர்கள் அங்கே எதைக் கண்டார்கள்? துருவேறிய ஒரு வாளும், துறவியின் கைத்தடிப் பூணும்! ஆயிரம் ஆண்டுப் பழசாம். அந்தத் துறவி ஏறினார், தெரியும். இறங்கினாரா? எவருக்குத் தெரியும்? எவர் கேட்டார்? துறவிக்கு வீடில்லை. இவருக்கு இங்கே, அஹுன்ட்சிக்கில், வீடிருக்கிறது. மணி அடித்தால் "பப்பா" என்று கதவுக்கு ஓடும் மகள் இருக்கிறாள்.

என் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'சுருகிச் சிகரம் தொட்ட எங்கள் சிங்கம்!' போகுமுன்னே தொட்டுவிட்டார்!

"மண்டபம் இண்டைக்குத்தானே கிடைச்சது, பேந்து கிடைக்காது" என்றார் பதாகை எழுதுவித்த அக்னெஸ் அக்கா.

சிரிக்கிறீர்கள். நேற்று அதைக் கட்டும்போது நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: "இனி ஏறாமல் திரும்பினா எந்த முகத்தோட வாறது?" அந்தச் சொல் என் நித்திரையைத் தின்றுவிட்டது.

சபையோரே, அந்த மலையின் உயரம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மீற்றர். மூவாயிரத்துக்கு ஒரு மீற்றர் குறைவு! குறைந்ததற்காக மலை குனிந்ததா? கூசியதா? குன்றியதா? மலைக்கே இல்லாத வெட்கத்தை மனிதன் தலையில் ஏன் கட்டுகிறோம்? அண்ணை, அந்தப் பதாகையைக் கழற்றுங்கோ. இவர் இறங்கி வரட்டும். ஏறினாரா என்று கேளாமலே கைதட்டுவோம்.

கேட்டிருந்த உங்களுக்கும், பேசவிட்ட தலைவருக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமைகிறேன். முன்வரிசையில் தலைகுனிந்து இருப்பவருக்கு மட்டும் ஒரு கேள்வி.

இஞ்சேருங்கோ, உச்சி கண்ணுக்கு முன்னால நிண்டாலும், மேகம் கறுத்தா திரும்புவீங்களோ? கெதியாப் பதில் சொல்லுங்கோ.