மின்சாரத்துக்கும் பந்தி உண்டு

அவைக்குத் தலைமையேற்று, போட்ட மாலையைக் கழற்ற மனமின்றி அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் திரு. தம்புசாமி அவர்களே! அனுபவம் பழுத்த ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே! தாமான் மெலுர் குடியிருப்பின் தமிழ் நெஞ்சங்களே! மின்பொறியாளர் மலர்விழியின் மாலை வணக்கம்.

வெயிலை வாழ்த்தவோ நிலக்கரியை வையவோ நான் வரவில்லை. கதிரும் காற்றும் ஆறும் செம்பனைக் கழிவும் தரும் மின்சாரத்தை மட்டுமே நம்பி ஒரு நாடு வாழ முடியுமா? முடியும் என்று முழங்க மாட்டேன். முடியாது என்று முனகவும் மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். மின்சாரத்தை ஆக்கிய நொடியிலேயே உண்டுவிட வேண்டும். பேட்டரியில் எடுத்துவைப்பதற்கும் ஓர் அளவு உண்டு. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு!

"கூடுனா என்ன கேடுலா?" என்கிறார் அங்கே ஓர் அண்ணன். அண்ணே, சென்ற மாதமே அதைக் கண்ணால் கண்டீர்களே! இல்லை, காணவில்லை, இருட்டாக இருந்தது.

நாடு நாளை செய்யப்போவதை நாம் இன்றே செய்து பார்ப்போம் என்று, ஒரு மாலைப்பொழுது நம் தாமானைத் தேசிய மின்கட்டத்திலிருந்து பிரித்தோம். கூரைமேல் சூரியத் தகடுகள், ஒரு பேட்டரி, செம்பனை ஆலையின் கழிவு வாயுவில் ஓடும் ஓர் எந்திரம். இவ்வளவுதான் நம் கையிருப்பு. அன்று பார்த்து மழை கொட்டியது. பேட்டரி பாதிகூட நிறையவில்லை. "கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க ஐயா" என்று தலைவரை வேண்டினோம். நம் தலைவருக்குக் கொஞ்சம் என்ற சொல் தெரியுமா? சிரியுங்கள், அவரும்தான் சிரிக்கிறார். ஒலிபெருக்கியைப் பிடித்தார். "கோயில் மணி அடிச்சதும் லைட்டு, ஏர்கோன் எல்லாத்தையும் ஒண்ணா அடைங்க! நம்ம ஒத்துமையைக் காட்டுவோம்!" என்றார்.

மணி அடித்தது. மேடைதோறும் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஒற்றுமை, அன்று ஒரே நொடியில் கிடைத்தது! சுமை திடீரென்று இறங்கியதும், ஆக்கிய மின்சாரத்தை உண்ண ஆளின்றி எந்திரம் வேகம் கூடி எகிறியது. தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றது. பேட்டரியும் தொடர்பை அறுத்துக்கொண்டது. தாமானே இருண்டது. நீங்கள் என்ன செய்தீர்கள்? வெற்றி என்று எண்ணிக் கைதட்டினீர்கள்!

இரண்டாம் தெருவில் இருப்பவர் சீதாலெட்சுமி ஆன்ட்டி. நுரையீரல் நலிந்தவர், ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையோடு மூச்சுவிடுபவர். கணவர் கமலநாதன் இருட்டில் தடவித் தடவி மாற்று ஆக்சிஜன் உருளையைத் திறந்தார். தேசிய மின்கட்டத்தோடு மீண்டும் இணைத்துவிட்டு நான் ஓடிப்போனேன். ஆன்ட்டி என்னைத் திட்டவில்லை. "மெஷின் நின்னுபோச்சும்மா. எனக்கு மூச்சு வரல. வெளிய எல்லாரும் கைதட்டுறாங்க" என்றார். பயந்துவிட்டேன் அவையோரே, உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

எது பிழை? பேராசையா? அலட்சியமா? எல்லோருக்கும் நல்லெண்ணம்தான், அது ஒரே நொடியில் வந்ததுதான் வம்பு. இதே மண்டபத்தில் கல்யாணம் நடக்கிறது. ஐந்நூறு விருந்தினர், நூறு இலைக்குத்தான் இடம். எல்லோரும் ஒன்றாகவா அமர்கிறோம்? ஒன்றாகவா எழுகிறோம்? பந்தி வைக்கிறோம்! நோயாளிக்கும் குழந்தைக்கும் முதல் இலை, வீட்டுக்காரருக்குக் கடைசி இலை. நாளை மாலை மீண்டும் சோதனை. முதல் தெரு குறைத்து, எந்திரம் நிதானப்பட்ட பிறகு இரண்டாம் தெரு குறைக்கட்டும். திரும்பப் போடும்போதும் தெருத்தெருவாய்ப் போடுங்கள். துணி துவைக்கும் இயந்திரம் உச்சி வெயிலில் சுற்றட்டும். ஏர்கோன் தன் பந்திக்குக் காத்திருக்கட்டும். பந்திக்கு முந்து என்பார்கள். நாளை ஒருநாள் பிந்துங்கள்!

தலைவர் ஏதோ சொல்கிறார். "என் வீடு கடைசிப் பந்திம்மா" என்கிறார். கேட்டீர்களா? வாழ்க அவர் தலைமை!

"நாளைக்கு ஷா ஆலம்ல இருக்குற மக வீட்டுக்குப் போயிடுங்களேன் ஆன்ட்டி" என்று சொல்லிப் பார்த்தேன். "நான் ஏம்மா போகணும்? இது என் வீடு. அவங்கள வரிசையா வரச் சொல்லு" என்றுவிட்டார். கட்டிலருகே உருளை நிறைந்து நிற்கிறது. நாளை அதைத் திறக்கும் வேலை கமலநாதன் ஐயாவுக்கு வரக்கூடாது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இப்போது கைதட்டாதீர்கள். நாளை சோதனை முடிந்ததும் சீதாலெட்சுமி ஆன்ட்டி வாசலுக்கு வந்து கையசைப்பார். அப்போது தட்டுங்கள், முதல் தெரு முதலில்! வணக்கம்.