தூங்க வைத்த பிறகு போட்ட ஊசி

வேலை நாளில் நான் காபி குடிப்பதில்லை. குடித்தால் ஊசி பிடிக்கும் கை லேசாக நடுங்கும். அன்றும் குடிக்கவில்லை.

தோள் ஆபரேஷனுக்கு முன் கழுத்தோரத்தில் ஊசி போட்டு, கையை மட்டும் மரத்துப்போகச் செய்வது என் வேலை. கைக்குப் போகும் நரம்புகள் அங்கேதான் கூடி நிற்கின்றன. மருந்து நரம்பைச் சுற்றிப் பரவ வேண்டும், உள்ளே போய்விடக் கூடாது. போனால் நோயாளி அலறுவார், நான் நிறுத்திவிடுவேன். அதற்காகவே ஆள் விழித்திருக்கும்போது போடுவேன். "சுருக்குன்னு இழுத்தா உடனே சொல்லுங்க" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளையை மட்டும் முதலில் தூங்க வைத்தேன்.

"சார், ஊசி போட்டுட்டுத்தானே தூங்க வைப்பீங்க?" என்றார் நர்ஸ்.

"இவருக்குப் பயம் ஜாஸ்திம்மா."

மாப்பிள்ளை என்றால் என் தங்கை கணவர். வலது தோளில் தசை கிழிந்திருந்தது. எதை ஓங்கிக் கிழித்துக்கொண்டாரோ. தங்கைக்கு இடது காது கேட்காது. குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். ஒவ்வொரு தடவையும் இடது காது அடிபடும்படியே வழுக்கி விழுகிறவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? அதே ஆள் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "மச்சானுக்கென்ன, ஊரைத் தூங்க வெச்சே சம்பாதிக்கிறாரு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரிப்பேன்.

ஊசி முனை நரம்புக்குள் இறங்குவதை ஸ்கேன் திரையில் பார்த்தேன். மருந்து போக மறுத்தது. அழுத்தினேன். நரம்பு வீங்கியது. தூங்குகிறவர் அலறவில்லை.

அந்தக் கை அதற்குப் பிறகு எழவில்லை, இனியும் எழாது. வாய் மட்டும் குறையவில்லை. தங்கைதான் சோறு ஊட்டுகிறாள், சட்டை மாட்டிவிடுகிறாள், வசவையும் வாங்கிக்கொள்கிறாள். "இப்படிக் கெடக்குற மனுஷனை விட்டுட்டு எப்படிண்ணா போறது?" என்கிறாள்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் என்னைப் பார்க்க வந்தாள். "அவரு கை சரியாகி, அவரு வேலைய அவரே பாத்துக்கிட்டா போதும்ணா. நான் கெளம்பிடுவேன். ரூம்கூடப் பாத்துட்டேன்" என்று சாவியை எடுத்துக் காட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நல்லது என்றேன்.

ஆக, தெரிந்துதான் செய்தேன். அவள் பாட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தால் அந்த நாய் சுகமாகக் கையை வீசிக்கொண்டு திரிந்திருப்பான். எனக்காக நான் எதுவும் செய்யவில்லை. எல்லாம் அவளுக்காக.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். போகட்டும். அண்ணன் நான் இருக்கும்போது அவளுக்குத் தனியாக ரூம் எதற்கு?